மாமனாரின் பழைய மாசரை வைத்து நம்பகமான வேட்டை ரைஃபிள் செய்துகொள்வது: எந்தப் பாகத்தில் பணத்தைப் போடுவது?

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து எழுதியிருக்கும் நண்பர் கேட்டது சுருக்கமாக இதுதான்: மாமனார் விட்டுப்போன பழைய ஜெர்மன் வகை ரைஃபிளான மாசர் ஒன்று இருக்கிறது. அதன் ஆக்‌ஷனை (தோட்டாவை ஏற்றிப் பூட்டிச் சுடும் பொறியை) மட்டும் வைத்துக்கொண்டு .308 தோட்டாவுக்கான பேரல் (குழல்), புது டிரிகர் (விசை), புது ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை), ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே சேர்த்துக்கொள்ளலாமா? எந்தக் கம்பெனிப் பாகம் நம்பகமானது? இல்லை, இதையெல்லாம் விட்டுவிட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஒரு செமி ஆட்டோமேட்டிக் வாங்கிவிடுவது மேலா? மூன்று கேள்விபோலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். குளிர்காலக் காலையில் பண்ணையில் ஒரு இம்பாலா மான் முன்னால் நிற்கும்போது இந்த ரைஃபிள் கைவிடாமல் வேலை செய்யுமா என்பதே அது. கம்பெனிப் பெயர்களை வரிசையாகச் சொல்லி அதற்குப் பதில் தர முடியாது. நல்ல பாகங்களைப் போட்டுச் செய்த ரைஃபிள் கைவிடும்போது பாகம் உடைந்து கைவிடுவது அபூர்வம். ஆக்‌ஷனும் ஸ்டாக்கும் உட்காரும் இடம், தோட்டாவும் அதை அடுக்கி வைக்கும் மேகசின் பெட்டியும் பொருந்தும் இடம், ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்டும் பேரல் திருகப்படும் ரிசீவரும் கவ்வும் இடம் என்று இரண்டு பாகம் சேரும் இடத்தில்தான் கோளாறு பிறக்கிறது. அதனால் ஒவ்வொரு பாகத்தைப் பற்றியும் சொல்லும்போது, அது பக்கத்துப் பாகத்தோடு எப்படிச் சேர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வீட்டிலேயே சேர்ப்பதைப் பற்றி முதலில். தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பேரலையும் ரிசீவரையும் துப்பாக்கியின் முதன்மைப் பாகங்களாக வைத்திருக்கிறது. அவற்றை உதிரி சாமான்போல வாங்கிவர முடியாது; உரிமம் வேண்டும். பேரல் மாற்றுவதும், தோட்டா அறை வெட்டுவதும், காலிபரை (சுடும் தோட்டாவின் அளவை) மாற்றுவதும் உரிமம் பெற்ற கன்ஸ்மித்தின், அதாவது துப்பாக்கி வேலை செய்பவரின், பொறுப்பு. காலிபர் மாறினால் அது உங்கள் உரிமத்திலும் பதிவாக வேண்டும். ஸ்டாக், ஸ்கோப், மவுண்ட், தோள்வார் இவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். மாமனார் பெயரில் இருந்த உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. உங்கள் பெயருக்கு உரிமம் வரும்வரை அந்த ரைஃபிளுக்குப் பொறுப்பு அவருடைய சொத்தை நிர்வகிப்பவருடையது. அவர் அதைத் துப்பாக்கி வணிகரிடம் பாதுகாப்பில் வைப்பது வழக்கம். அது உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால், எந்தப் பாகத்தையும் வாங்கும் முன் காவல் நிலையத்தில் துப்பாக்கிப் பிரிவுக்குப் பொறுப்பான அதிகாரியிடம் போய் அதைச் சரிசெய்யுங்கள். தகுதிச் சான்றிதழ், பிறகு உரிமம் என்று இரண்டு படி. இரண்டுக்கும் பொறுமை வேண்டும். வீட்டில் கறி சமைக்காத புரட்டாசியில் காகித வேலையையும் கன்ஸ்மித்திடம் பேசுவதையும் தொடங்கினால் அடுத்த மே மாத வேட்டைப் பருவத்துக்கு ஆயத்தமாக வாய்ப்புண்டு. ஏப்ரலில் தொடங்கி மே மாதத்துக்குத் தயாராக முயல வேண்டாம்.

செமி ஆட்டோமேட்டிக் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எப்போதாவது வேட்டைக்குப் போகிறவருக்கான பிரிவு 15 உரிமத்தில் செமி ஆட்டோ ரைஃபிள் வராது. அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் சேர்ந்து, முழு ஈடுபாடுள்ள வேட்டைக்காரர் அல்லது விளையாட்டுச் சுடுநர் என்ற தகுதியைப் பெற்று, பிரிவு 16-இல்தான் கேட்க வேண்டும். சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் உங்கள் தேவைக்கு அது பொருத்தமில்லை. அதில் ஒரு தோட்டாவின் அழுத்தமே அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். தோட்டாவின் ரகம், அழுக்கு, எண்ணெய், சுருள்வில்லின் வயது என்று எது மாறினாலும் அதன் போக்கு மாறும். போல்ட் ஆக்‌ஷனில் போல்ட் என்ற உலோக உருளையை முன்னும் பின்னும் நகர்த்தி அந்த வேலையை உங்கள் கை செய்கிறது. இம்பாலாவுக்கும் பிளெஸ்பக் மானுக்கும் ஒரு குண்டு, அபூர்வமாக இரண்டாவது, அதற்குமேல் தேவைப்படாது.

இனி ஆக்‌ஷன். எல்லா முடிவும் இதைப் பொறுத்தது. பாகம் வாங்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு இதை முதலில் பார்க்க வேண்டும். மாசர் என்று எழுதினீர்கள், எந்த மாசர் என்று எழுதவில்லை. இந்த நாட்டில் அந்தக் கேள்வி மிகப் பெரியது. 1899 முதல் 1902 வரை நடந்த ஆங்கிலேய–போயர் போருக்கு முன் டிரான்ஸ்வால் குடியரசும் ஆரஞ்சு சுதந்திர நாடும் ஜெர்மனியிலிருந்து தருவித்த 1895, 1896 மாடல் மாசர்கள் இன்னும் பல குடும்பங்களில் இருக்கின்றன. அவை 7×57 தோட்டாவுக்கானவை. அவற்றுக்குப் பிறகு வந்த மாடல் 98 வேறு பிறவி. வேறுபாட்டைக் கண்டுபிடிக்கக் கருவிகூட வேண்டாம். ரைஃபிள் காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை சோதித்துவிட்டு, போல்ட் கைப்பிடியை மேலே தூக்குங்கள். தூக்கும்போதே சுருளின் இழுப்பு தெரிந்தால், அதாவது திறக்கும்போதே கொக்கி ஏறினால் (தோட்டாவை அடிக்கும் அடிமுள்ளின் சுருள் இறுகிச் சுடத் தயாரானால்), அது 98 வகை. தூக்குவது இலகுவாக இருந்து, போல்ட்டை முன்னுக்குத் தள்ளி மூடும் கடைசிக் கட்டத்தில் சுருள் எதிர்த்தால் அது பழைய வகை. போல்ட்டை வெளியே எடுத்தும் பாருங்கள். முன்பக்கம் இரண்டு பூட்டுக் காதுகள் (மூடும்போது ரிசீவருக்குள் மாட்டிக்கொள்ளும் புடைப்புகள்) எல்லாவற்றிலும் இருக்கும். 98-இல் பின்பக்கம் மூன்றாவதாக ஒரு பாதுகாப்புக் காது இருக்கும். தோட்டாவின் உறை கிழிந்தால் வாயுவை முகத்துக்கு வராமல் திருப்பிவிடும் துளைகளும் அகன்ற பின்மூடியும் 98-இல்தான் முழுமையாக இருக்கின்றன. ரிசீவரின் முன் வளையத்தை அளந்தால் பெரும்பாலான 98-களில் சுமார் 35.8 மி.மீ., பழையவற்றில் சுமார் 33 மி.மீ. ஆனால் சிறு வளையம் கொண்ட 98-களும் உண்டு. ஆகையால் வளையத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

உங்களுடையது 1895 அல்லது 96 மாடல் என்றால் .308 எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்க அளவுகோலில் .308-இன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அதே அளவுகோலில் 7×57-க்கு 51,000. நூற்றிருபது வயதைத் தாண்டிய எஃகின் மேல், மூன்றாவது காது இல்லாத ஆக்‌ஷனில், அந்தக் கூடுதல் சுமையை ஏற்றக் கூடாது. உடனே வெடித்துவிடாது, அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். பூட்டுக் காதுகள் ரிசீவருக்குள் தாங்கும் பரப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் குழி விழுகிறது. போல்ட் கைப்பிடியைத் தூக்குவது கனமாகிக்கொண்டே போகும், தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி வளரும், ஒரு நாள் உறை குறுக்கே கிழியும். அப்படிப்பட்ட ரைஃபிளை ஒரு கன்ஸ்மித் பார்த்துச் சரியென்று சொன்னால், மிதமான 7×57 தோட்டாவோடு, இருந்த உருவத்திலேயே வைத்துக்கொள்வதுதான் அதற்கும் மாமனாருக்கும் செய்யும் மரியாதை. அதில் ஸ்கோப்புக்காகத் துளையிட்டால் சரித்திர மதிப்பும் போய்விடும்.

98 என்றால் நல்ல அடித்தளம் கையில் இருக்கிறது. புளூம்ஃபான்டெய்னில் மஸ்கிரேவ் கம்பெனி செய்த ரைஃபிள்களும் இங்கே பழைய சந்தையில் கிடைக்கின்றன. இந்த ஆக்‌ஷன் சரிப்படாவிட்டால் அவற்றையும் பார்க்கலாம். 98-இன் சிறப்பு அதன் நீண்ட கவ்வி. மேகசினிலிருந்து தோட்டா மேலெழும்போதே கவ்வி அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிவிட்டுத் திரும்ப இழுத்தால் தோட்டா கூடவே வந்து வெளியே விழும். ரெமிங்டன் 700 போன்ற, தோட்டாவைக் கவ்வாமல் முன்னே தள்ளும் தள்ளு வகையில் அதே தவறு நேர்ந்தால் ஒரு தோட்டா அறையில் தங்கும், அடுத்தது அதன் முதுகில் போய் முட்டும். இதற்காகத் தள்ளு வகை நம்பத் தகாதது என்று சொல்லமாட்டேன். அனுபவசாலிகள் இதில் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். சாதாரண மான் வேட்டைக்கு இரண்டுமே போதும். 98 வைத்திருப்பவர் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: தோட்டாவைக் கையால் நேரே அறைக்குள் போட்டுப் போல்ட்டை அடித்து மூடாதீர்கள். மாற்றியமைக்கப்படாத கவ்வி விளிம்பைத் தாண்டிக் குதிக்க வடிவமைக்கப்பட்டதல்ல; முனை உடையும். எப்போதும் மேகசின் வழியாகவே ஏற்றுங்கள்.

அடுத்து, எல்லாரும் கவனிக்காமல் கடக்கும் மேகசின் பெட்டி. மாசர் தொழிற்சாலையில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பெட்டியின் நீளம், அகலம், தோட்டாவைத் தூக்கும் தட்டு, மேல் விளிம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். 7×57 தோட்டாவின் முழு நீளம் அதிகபட்சம் சுமார் 78 மி.மீ.; .308 சுமார் 71 மி.மீ. பேரலை மட்டும் மாற்றி .308 ஆக்கினால் பெட்டிக்குள் ஏழு மி.மீ. வெற்றிடம். ஒவ்வொரு உதைப்பிலும் தோட்டாக்கள் முன்னே ஓடி முட்டி மூக்கு நசுங்கும். பின்னுக்கு நழுவிய தோட்டாவைப் போல்ட் சரியான கோணத்தில் பிடிக்காது. மூக்கு அறையின் கீழ் விளிம்பில் குத்தி நிற்கும். பெட்டியின் பின்புறம் ஒரு தடுப்பு வைத்துக் குறுக்கினால் சரியாகும், ஆனால் அது கைதேர்ந்தவரின் வேலை. இந்த ஒரு காரணத்துக்காகவே என் யோசனை: உங்கள் ஆக்‌ஷன் 7×57-க்குப் பிறந்தது என்றால் புதுப் பேரலையும் 7×57-இலேயே போடுங்கள். இரண்டு தோட்டாவும் 100 மீட்டரில் குறியிலேயே விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால் 200 மீட்டரில் விழும் வித்தியாசம் ஒன்றிரண்டு செ.மீ.தான். மானுக்கு அது தெரியப்போவதில்லை. 7×57 இந்த நாட்டில் அருங்காட்சியகப் பொருளும் அல்ல, இன்றும் பலர் அதையே எடுத்துப் போகிறார்கள். .308-க்கு உள்ள உண்மையான அனுகூலம் எந்தச் சிற்றூர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும் என்பது. அதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால், .308 நீளத்துக்கே செய்த நவீனக் குறுகிய ஆக்‌ஷனிலிருந்து தொடங்குங்கள்.

பணத்தைத் தாராளமாகப் போட வேண்டிய இடம் பேரல். ஆனால் பேரலின் விலையைவிட அதை அறை வெட்டிப் பூட்டுபவரின் கை முக்கியம். எஃகு குரோம்–மாலிப்டினமா துருப்பிடிக்காத வகையா என்ற விவாதத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம்; வேட்டைக்கு இரண்டும் சரி. டர்பன் கரையோரத்தில் இருப்பவருக்குத் துருப்பிடிக்காத எஃகு கொஞ்சம் நிம்மதி, அவ்வளவுதான். அதிலும் உப்புக் காற்றில் புள்ளி விழும். உள்முறுக்கு, அதாவது குண்டைச் சுழலவைக்கப் பேரலுக்குள் வெட்டிய வரிகளின் சுற்று, குண்டின் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். .308-இல் 150 முதல் 168 கிரெயின் (குண்டின் எடை அளவு) வரை சுடுபவருக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும். 180-உம் அதற்கு மேலும் சுடுவதாக இருந்தால் 10 அங்குலம். 7×57-இன் பழைய முறுக்கு 220 மி.மீ., அதாவது ஒன்பது அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 175 கிரெயின் நீளக் குண்டையும் அது நிலைப்படுத்தும். நீளம் 22 அங்குலம், நடுத்தரக் கனம். மிக மெல்லிய பேரல் தோளுக்குச் சுகம். ஆனால் மூன்றாவது குண்டிலேயே சூடேறி இடம் மாறத் தொடங்கும். ஒவ்வொரு அங்குலம் குறைக்கும்போதும் வேகம் வினாடிக்கு 20, 25 அடி குறையும். அதற்குப் பயந்து புதர்க்காட்டில் 26 அங்குலக் குழலைச் சுமக்க வேண்டியதில்லை.

பேரல் பூட்டியதும் தலையிடைவெளியை, அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் அறையில் தோட்டா தாங்கும் தோளுக்கும் உள்ள தூரத்தை, அளவுகட்டைகளால் சோதிக்க வேண்டும். .308-க்குப் ‘போகலாம்’ கட்டை 1.630 அங்குலம், ‘போகக்கூடாது’ கட்டை 1.634. முதலாவதன் மேல் போல்ட் தடையின்றி மூட வேண்டும், இரண்டாவதன் மேல் மூடக் கூடாது. இடையில் இருப்பது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் நான்கு பங்குதான். அதனால்தான் முன்கூட்டியே அறை வெட்டிய பேரலை வாங்கி வீட்டில் திருகிக்கொள்ளலாம் என்ற பேச்சை மாசர் விஷயத்தில் கேட்காதீர்கள். ஒவ்வொரு பழைய ரிசீவரும் ஒவ்வோர் அளவில் இருக்கும். கன்ஸ்மித்திடம் இந்தச் சோதனையை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். நல்லவர் யாரும் இதற்குக் கோபப்படமாட்டார். பேரலின் வாய் விளிம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரியும் இடம் அது. அங்கே ஒரு சிறு அடி விழுந்தால் ஆயிரம் ராண்ட் பேரலும் பத்தாயிரம் ராண்ட் பேரலும் ஒன்றுதான். வண்டியின் தரைவிரிப்பில் வாய் கீழாக ரைஃபிளைச் சாய்த்து வைக்கும் பழக்கம் பல நல்ல பேரல்களைக் கெடுத்திருக்கிறது.

டிரிகர் விஷயத்தில் இலகுவான இழுப்புக்கு ஆசைப்படாதீர்கள். வேட்டைக்கு ஒன்றரைக் கிலோ அளவு இழுப்பு சரியானது. ஒரு கிலோவுக்குக் கீழே போனால், குளிரில் மரத்த விரலோ தடித்த கையுறையோ நினைக்கும் முன்பே சுட்டுவிடும். மாசரின் பழைய இரண்டு கட்ட டிரிகர் அழகில்லாதது, ஆனால் மிகவும் பாதுகாப்பானது. அதைக் கன்ஸ்மித் மெருகேற்றிக் கொடுத்தாலே பலருக்குப் போதும். டிம்னி போன்ற மாற்று டிரிகர் போட்டால் பாதுகாப்புத் தாழ்ப்பாளோடு அது ஒத்துப்போகிறதா என்பதே முதல் கேள்வி. மாசரில் தாழ்ப்பாள் போடும்போது அடிமுள்ளின் பின்துண்டு டிரிகரைவிட்டு இம்மியளவு பின்னுக்குத் தூக்கப்பட வேண்டும். தூக்கப்படாவிட்டால், தாழ்ப்பாள் போட்டிருக்கும்போது யாராவது விசையைத் தொட்டுவிட, தாழ்ப்பாளை எடுக்கும் கணத்தில் சுடும். சோதனை எளிது. காலி ரைஃபிள், காலி என்று மறுபடி பாருங்கள். கொக்கி ஏற்றித் தாழ்ப்பாள் போட்டு விசையை நன்றாக இழுத்து விடுங்கள். பிறகு விரலை வெளியே வைத்துக்கொண்டு தாழ்ப்பாளை எடுங்கள். அடிமுள் விழக் கூடாது. போல்ட்டை வேகமாகப் பலமுறை அடித்து மூடுங்கள், ஸ்டாக்கின் அடியை ரப்பர் விரிப்பின் மேல் தட்டுங்கள். எதிலும் விழக் கூடாது. விழுந்தால் அன்றே கன்ஸ்மித்திடம் போக வேண்டும். பெரிய கம்பெனிக்கும் இது நேர்ந்திருக்கிறது: ரெமிங்டன் 2014-இல் தன் எக்ஸ்-மார்க் புரோ டிரிகர்களைத் திரும்பப் பெற்றதற்குக் காரணம், கோர்க்கும்போது அளவுக்கு மீறிப்போன ஒட்டுப்பசை.

பழைய ராணுவ மாசரில் ஸ்கோப் வைப்பவர் எதிர்பாராத இரண்டு செலவுகள் வரும். கைப்பிடி நேராகவோ உயர்ந்தோ இருந்தால் ஸ்கோப்பில் இடிக்கும், அதை வளைக்கவோ மாற்றிப் பற்றவைக்கவோ வேண்டும். அந்தச் சூடு போல்ட்டின் மற்ற பாகத்துக்குப் பரவினால் கடினப்படுத்திய எஃகு இளகிவிடும். சூட்டை உறிஞ்சும் ஏற்பாட்டோடு செய்பவரிடம் மட்டும் கொடுங்கள். கொடிபோல மேலே எழும் பழைய தாழ்ப்பாளும் ஸ்கோப்பில் முட்டும். பக்கவாட்டில் அசையும் தாழ்ப்பாளுக்கு மாற வேண்டியிருக்கும். மவுண்டுக்காக ரிசீவரில் போடும் துளைகள் பேரலின் மையக்கோட்டில் விழ வேண்டும். கொஞ்சம் விலகினாலும் ஸ்கோப்பின் திருத்தம் முழுவதும் அந்தக் கோணலைச் சரிசெய்வதிலேயே தீர்ந்துவிடும்.

ஸ்டாக் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ‘நேற்று நன்றாகச் சுட்டது, இன்று ஓரடி தள்ளி விழுகிறது’ என்ற புலம்பலில் பாதிக்குக் காரணம் இங்கே இருக்கிறது. உதைப்பை ஸ்டாக்குக்குக் கடத்துவது ரிசீவரின் அடியில் உள்ள உதைப்புக் காது. அதன் பின்முகம் முழுப் பரப்பிலும் ஸ்டாக்கில் பதிய வேண்டும். முன்முகத்திலும் பக்கங்களிலும் அடியிலும் தாள் அளவு இடைவெளி விட வேண்டும். மரம் ஈரத்தில் வீங்கும், வறட்சியில் சுருங்கும். டர்பனில் பொருத்திய வால்நட் ஸ்டாக் லிம்போப்போவின் வறண்ட குளிரில் வேறு பொருளாகிவிடும். திருகு தளரும், காது தன் இடத்தைவிட்டு நகரும். அதனால் மரம்தான் வேண்டும் என்றால் ரிசீவர் உட்காரும் இடத்தில் எப்பாக்சிப் படுக்கையும் திருகுகளுக்கு உலோகத் தூண்களும் போடச் சொல்லுங்கள். அழகு பெரிதில்லை என்றால் ஒட்டுப்பலகை அல்லது கண்ணாடியிழை ஸ்டாக் குறைந்த தொல்லை. மிக மலிவான பிளாஸ்டிக் ஸ்டாக்குகள் முன்கையை அழுத்தும்போது வளைந்து பேரலைத் தொடுகின்றன. பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே மடித்த தாள் ஒன்று வாயிலிருந்து ரிசீவர்வரை தடையின்றி ஓட வேண்டும், நீங்கள் கையால் அழுத்திப் பிடித்திருக்கும்போதும் ஓட வேண்டும். மெல்லிய பேரலுக்கு முன்னால் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால் நன்றாகச் சுடும் என்று சொல்பவர்களும் உண்டு. சில பேரல்களில் அது உண்மைதான், ஆனால் ஈரம் மாறினால் அந்த அழுத்தமும் மாறும்; மரத்தில் அதை நம்பி இருக்காதீர்கள்.

மாசருக்கே உரிய ஒரு கோளாறும் உண்டு. மேகசின் பெட்டி கீழ்த்தகட்டுக்கும் ரிசீவருக்கும் நடுவே நசுங்காமல் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். பழைய மரம் அமுங்கிப்போனால் திருகை எவ்வளவு இறுக்கினாலும் ரிசீவர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும், மரத்தின் மேல் அல்ல. குண்டு எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பார்க்கும் வழி: முன் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும்போது பேரலின் நுனி ஸ்டாக்கைவிட்டு எழுகிறதா என்று விரலை இரண்டின் மேலும் வைத்துப் பாருங்கள். அசைவு விரலுக்குத் தெரிந்தாலே படுக்கை சரியில்லை. இறுக்கம், வெறும் மரத்தில் 4 முதல் 5 நியூட்டன் மீட்டர், உலோகத் தூண் அல்லது அலுமினியத் தளம் இருந்தால் 7 வரை. அளவுகாட்டும் திருப்பி ஒன்று வாங்குங்கள். இந்த வேலையில் நீங்கள் வாங்கும் மிகப் பயனுள்ள கருவி அதுதான்.

மவுண்டில் எஃகு அடித்தளம், எஃகு வளையம், குறைந்த உயரம். அடித்தளத் திருகுகளில் எண்ணெயை முழுவதும் துடைத்து, கழற்றக்கூடிய வகைத் திருகுப்பசை ஒரு துளி போட்டு 2 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். வளைய மூடிகளுக்கும் அதே அளவு போதும். அதற்கு மேல் இறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கி உள்ளே இருக்கும் திருத்தப் பொறி சிக்கும். முன் அடித்தளத் திருகு நீளமாக இருந்து போல்ட்டின் காதைத் தொடுகிறதா என்று பாருங்கள். போல்ட் திடீரெனக் கனமானால் முதல் சந்தேகம் அந்தத் திருகின் மேல். ஸ்கோப் 3 முதல் 9 மடங்கு, 40 மி.மீ. கண்ணாடி, கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே வேண்டிய தூரம் 85 மி.மீ.க்குக் குறையாதது போதும். 24 மடங்கு ஸ்கோப் புதர்க்காட்டில் மானைக் கண்டுபிடிக்கவே விடாது.

எல்லாம் சேர்ந்தபின் சோதனை. முதலில் போலித் தோட்டாக்களால் மேகசினை நிரப்பி, மெதுவாகவும் வேகமாகவும், ரைஃபிளைச் சாய்த்தும் ஏற்றி இறக்குங்கள். நிரம்பிய பெட்டியின் முதல் தோட்டாவும் கடைசித் தோட்டாவும்தான் பெரும்பாலும் சிக்கும். நடுவில் இருப்பவை சிக்குவது குறைவு. பிறகு சுடுதளத்தில், வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டாவில் சுடுங்கள். மூன்று குண்டு ஒன்றாக விழுந்ததும் மகிழ்ந்து வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். ஐந்து ஐந்தாக, பேரல் ஆறவிட்டுச் சுடுங்கள். 100 மீட்டரில் ஐந்தும் 45 மி.மீ. வட்டத்துக்குள் வந்தால் அது முழுமையான வேட்டை ரைஃபிள். இம்பாலாவின் உயிர்நிலை அகலம் ஏறத்தாழ 15 செ.மீ. ஆறிய பேரலின் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதை வெவ்வேறு நாட்களில் தனித்தாளில் குறித்து வையுங்கள். மான்மேல் சுடப்போவது அந்த முதல் குண்டைத்தான். ஒரு மேகசின் நிறைய ஏற்றிச் சுடுவதை இருபது முறை செய்து ஒரு சிக்கலும் வராவிட்டால் நான் அதை நம்புவேன். பிரிவு 15-இல் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாக்கள் வரை வைத்திருக்கலாம். ஆகையால் இந்தச் சோதனைக்கும் வேட்டைக்கும் சேர்த்து ஒரே ரகத்தில், ஒரே தொகுதி எண்ணில் வாங்குங்கள். ரகம் மாறினால் குண்டு விழும் இடம் மாறும்.

இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாதவையும் உண்டு. உங்கள் ரிசீவரின் எஃகு எவ்வளவு கடினமாக இருக்கிறது, காதுகள் தாங்கும் இடத்தில் குழி விழுந்திருக்கிறதா, முன்பு யாராவது அதை அரைத்திருக்கிறார்களா என்பதையெல்லாம் எந்தப் படத்தைப் பார்த்தும் யாராலும் தீர்மானிக்க முடியாது. ஆகவே முதல் செலவு பேரலுக்கு அல்ல, ஆக்‌ஷனைக் கழற்றிப் பார்த்துச் சொல்லும் கன்ஸ்மித்தின் கூலிக்கு. அவர் வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். சரி என்றால் பேரலும் அறை வெட்டும் கூலியும் முதலில், படுக்கையும் மவுண்டும் அடுத்து, ஸ்கோப் அதற்கடுத்து. ஸ்டாக்கின் அழகு, போல்ட்டின் மெருகு, செதுக்கு வேலை இவையெல்லாம் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

ரைஃபிள் வீட்டுக்கு வந்ததும் தென்னாப்பிரிக்கத் தரம் 953-க்கு உட்பட்ட, சுவரிலோ தரையிலோ திருகிய பெட்டகத்தில் வையுங்கள். நடாலின் கோடை ஈரத்தில் மூடிய பெட்டகமே துருவுக்கு இடம் கொடுக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை இரண்டு உள்ளே போட்டு மாதம் ஒருமுறை சூடாக்கி உலர்த்துங்கள். பஞ்சு வைத்த பையில் ஒரு நாளும் வைக்காதீர்கள். வெளியே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். பேரலுக்குள் போட்ட எண்ணெயைச் சுடும் முன் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் குண்டு வழி தவறும். பண்ணைக்குப் புறப்படுவதற்கு முந்தின வாரம் திருகுகளை ஒருமுறை அளவுதிருப்பியால் சோதியுங்கள். போய்ச் சேர்ந்ததும் அங்கேயே ஓர் அட்டையில் ஒரு குண்டு சுட்டுப் பாருங்கள். வண்டியின் குலுக்கலில் ஸ்கோப் அசைந்திருந்தால் அட்டையே காட்டிக்கொடுத்துவிடும்.